மூக்கில்லாமல் வைன் பார்க்கப் போனது

அன்றைக்கு அந்த நிலவறையில் நின்றவர்கள் யார் யார் என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் விட்டுப்போனாலும் எனக்கு இரவு நித்திரை வராது. எங்கள் உணவகத்தின் முதலாளியம்மா ரெகுலா. பரிமாறுகிற போர்த்துக்கல்காரன் பெட்ரோ. கோப்பை கழுவுகிற தவம் அண்ணை. சமையல்காரனாகிய நான். வைன் செய்கிற உர்ஸ். உர்ஸின் காலடியில் ஒரு கிழட்டு நாய். நாயையும் சேர்த்து ஆறு மூக்குகள். அவற்றில் ஐந்து வேலை செய்தன.

இந்த நாட்டில் வைனைக் குடிப்பதற்கு முன்னால் மணக்கிறார்கள். கிளாஸின் அடியில் இரண்டு விரற்கடை ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கோயிலில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துப் பக்கத்தில் உள்ள வாளிக்குள் துப்பிவிடுகிறார்கள். இதற்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெனீவா ஏரிக்கரையும் வாலிஸும் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். நாங்கள் போனது ஃபிரிக்தாலுக்கு. சுவிஸ்காரரிடமே சொன்னாலும், அங்கே செர்ரிப் பழம்தானே, வைனுமா என்று கேட்பார்கள். ஓல்டனில் ஏறி ஆராவ் வரை ரயில், அங்கிருந்து மலையைத் தாண்டுகிற மஞ்சள் தபால் பஸ். இறங்கினால் ஒரு பண்ணை வீடு, கதவில் ஒரு மணி. மணியை அடித்தால் திராட்சையை நட்டவரே ஏப்ரனோடு வந்து திறக்கிறார். சுவைத்துப் பார்க்கக் காசு கேட்பதில்லை. வாங்காமல் போனாலும் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தப் பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டதுதான் பிரச்சினை. இலையுதிர்கால உணவுப் பட்டியலுக்கு யாருக்கும் தெரியாத இடத்து வைன்களாகத் தேட வேண்டும் என்று ரெகுலாவுக்கு ஒரு விருப்பம். திங்கட்கிழமை எங்களுக்குப் பூட்டு. அன்றைக்கு எல்லோருமாகப் போவோம் என்றார். "நான் சமைக்கிற ஆள்தானே, நீங்கள் போய் வாருங்கள்" என்று நழுவப் பார்த்தேன். "சமையல்காரன் மணந்து பார்க்காமல் நான் எப்படித் தெரிவுசெய்வது, சிவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பதினான்கு மாதமாக எனக்கு எந்த மணமும் தெரியாது.

இரண்டாவது தடவை கொரோனா வந்து போனபோது மூக்கும் அதோடு போய்விட்டது. உப்பு, புளி, உறைப்பு, இனிப்பு நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்பது மூக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வைத்தியர் நான்கு சின்னப் போத்தல்கள் தந்து காலையும் மாலையும் மணந்து பழகச் சொன்னார். ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். நான்கும் எனக்கு வெறும் காற்று. ஓல்டனுக்குப் பக்கத்தில் திரிம்பாக்கில் இருக்கிற எங்கள் கோயிலில் கற்பூரத்தட்டில் கையை ஒற்றிக் கண்ணில் வைத்தேன். சூடு மட்டும் இருந்தது. முப்பது வருடமாக, ரயிலில் பக்கத்தில் இருப்பவருக்கு என் உடுப்பில் கறி மணக்குமோ என்று பயந்து திரிந்தவன் நான். இப்போது மணக்கிறதா இல்லையா என்று பார்க்கவும் என்னால் முடியாது. வேலைக்குப் போகுமுன் வாசலில் நின்று என் மனைவி மலரிடம் கேட்பேன். "இஞ்சேர், கோட்டு மணக்குதே?" அவள் கழுத்தடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லையப்பா, போங்கோ" என்பாள். சில நாள் அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையில் ஒரு சேர்டிபிக்கற்றும் இல்லை. இந்த நாட்டில் எதற்கும் ஒரு தாள் வேண்டும், பூ விற்பதற்குக்கூட மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. தாளில்லாத நான் கோப்பை கழுவித் தொடங்கி, கிழங்கு உரித்து, பதினொரு வருடத்துக்குப் பிறகு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றது மூக்கினால். சோஸ் அடிப்பிடிக்க முதல் எனக்குத் தெரிந்துவிடும். மீன் நேற்றையதா முந்தாநாளையதா என்று பெட்டியைத் திறக்கும்போதே சொல்லிவிடுவேன். அதுதான் என் சேர்டிபிக்கற். அது போய்விட்டது என்று ரெகுலாவுக்குத் தெரிந்தால் ஐம்பத்தாறு வயதில் வேறு யார் என்னை எடுப்பார்கள்? இந்தக் கேள்வியை நான் இரவில் மட்டுமல்ல, வெங்காயம் வெட்டும்போதும் யோசித்தேன்.

என்னைக் காப்பாற்றியது தவம் அண்ணை. காலையில் மீன் வந்தால் பெட்டியைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோவேன். "அண்ணை, ஒருக்கா மணந்து பாருங்கோ." அவர் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் குனிவார். "உன்ர மூக்கு என்ர முகத்தில கிடக்குதடா. வாடகை தா" என்பார். பால், முட்டை, எண்ணெய், எல்லாம் அவர்தான். அவருக்கு வருகிற கார்த்திகையோடு ஓய்வு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் கேட்டால், "மூக்கை உனக்கு எழுதி வைச்சிட்டுப் போறன்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

போகிற நாளுக்கு முதல் நாள் இரவு வெகுநேரம் வைனைப் பற்றிய சொற்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பாடமாக்கினேன். செர்ரி, தோல், ஈரக்கல், புகை. எந்த வைனுக்கு எது என்று தெரியாது. ஃபிரிக்தாலில் செர்ரி மரங்கள் நிறைய இருப்பதால் செர்ரி என்றே சொல்வது பாதுகாப்பு என்று முடிவெடுத்தேன். விடிய எழும்பி இன்னொரு வேலையும் செய்தேன். ஒருவர் வீட்டுக்கு முதல்முதலாகப் போகிறோம், அவர் காசு வாங்காமல் ஊற்றித் தரப்போகிறார். வெறுங்கையோடு எப்படிப் போவது? நாற்பது கட்லட் பொரித்தேன். டின் மீன், உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. சூடு ஆறாமல் தாளில் சுற்றி ரப்பர் மூடி போட்ட பெட்டியில் அடுக்கினேன். மலர் இரவு வேலைக்குப் பராமரிப்பு இல்லத்துக்குப் போயிருந்தாள். அவள் நின்றிருந்தால் தடுத்திருப்பாள்.

தபால் பஸ்ஸில் தவம் அண்ணை மூக்கை உறிஞ்சினார். "டேய், உது கட்லட்டே?"

"ஓம் அண்ணை. சும்மா போகேலாதுதானே."

"நல்ல காரியம். பஸ்ஸே மணக்குது." அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். முன் இருக்கையில் இருந்த கிழவி ஜன்னலைத் திறந்ததை நான் கவனித்தேன். வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

உர்ஸ் படியிறங்கி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கல் சுவர், நடுவில் ஒரு நீள மேசை, வெள்ளைத்துணி, கிளாஸ்கள், பாணும் தண்ணீரும், துப்புகிற வாளி. நான் மரியாதையாகப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, "எங்கள் நாட்டுச் சாப்பாடு, உங்களுக்காக" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லி மூடியைத் திறந்தேன். பெட்ரோ தலையைத் திருப்பிக்கொண்டான். ரெகுலாவின் மூக்கு ஓரம் சுருங்கியது. இவ்வளவு நேரமும் கிடந்த நாய் எழும்பி, இரண்டு காலில் நின்று என் முழங்கையைப் பிடித்தது. உர்ஸ் மட்டும் சிரித்தபடி, "மிக்க நன்றி, மிகவும் நன்றாக இருக்கும். பிறகு வெளியில் வைத்துச் சாப்பிடுவோம்" என்று பெட்டியை வாங்கி, மூடி, படியேறிக் கொண்டுபோய் முற்றத்தில் வைத்தார். திரும்பி வந்து கதவை அகலத் திறந்துவிட்டார். பத்து நிமிடம் எல்லோரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். உர்ஸ் மிளகாய் சாப்பிடாத ஆள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அந்த அறை முழுக்க டின் மீன் மணத்ததையும், அதற்குள் யாரும் வைனை மணக்க முடியாது என்பதையும் தவம் அண்ணை பிறகுதான் சொன்னார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரருக்குக் கொண்டுவந்த சாமானைக் குறை சொல்ல அவராலும் முடியவில்லை.

சுவைத்தல் தொடங்கியது. முதல் வெள்ளை, ரீஸ்லிங் சில்வானர். பெட்ரோ ஆப்பிள் என்றான், ரெகுலா ஏதோ பூ என்றார். நான் "செர்ரி" என்றேன். உர்ஸ் புருவத்தை உயர்த்தி, "சுவாரசியம்" என்றார். இந்த நாட்டில் சுவாரசியம் என்றால் பிழை என்று மரியாதையாகச் சொல்வது, அதை முப்பது வருடத்தில் படித்துவிட்டேன். துப்புகிற நேரம் வந்தது. வாளி என் முன்னால் நின்றது. ஊற்றித் தந்த மனிதர் எதிரில் நிற்கிறார். அவர் முகத்துக்கு நேரே அவர் செய்ததைத் துப்புவதா? நான் விழுங்கினேன். தவம் அண்ணையும் விழுங்கினார்.

"துப்பச் சொல்லினமடா" என்று அவர் காதுக்குள் சொன்னார்.

"நீங்கள் துப்புங்கோவன்."

"சீ, அந்த மனிசன் பாத்துக்கொண்டு நிக்குது."

அப்படியே மூன்று, நான்கு என்று போனது. தவம் அண்ணையின் காது சிவந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர், நல்லது, மிக நல்லது என்று டொச்சில், "குட், சேர் குட்" என்றார். வைன் எனக்குக் கிளாஸுக்குள் புளிப்பும் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் மட்டும்தான். மற்ற நால்வரும் மூக்கை உள்ளே விட்டு எங்கேயோ போய் வந்தார்கள். பெட்ரோ ஒரு கிளாஸை மணந்துவிட்டுத் தன் தகப்பனின் மிதிவண்டிக் கடை என்றான், கண் கலங்கிச் சிரித்தான். நான் என் கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றேன். கதவு பூட்டியிருக்கிற வீட்டின் மணியை அடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

ஐந்தாவது, சிவப்பு, ப்லவ்பூர்குண்டர். உர்ஸ் ரெகுலாவோடு ஏதோ கதையில் இருந்ததால் புதுப் போத்தலைத் திறந்து தான் பார்க்காமலே ஊற்றிவிட்டார். இந்தத் தடவையாவது முந்திக்கொள்வோம், கேட்க முதல் சொன்னால் சந்தேகம் வராது என்று எனக்கு ஒரு புத்தி. மூக்கை வைத்தேன், எடுத்தேன். "செர்ரி. இதுதான் எல்லாவற்றிலும் நல்லது" என்றேன். ரெகுலா மணந்தார், கிளாஸைத் தூர எடுத்தார். பெட்ரோ, "ஐயோ" என்றான். உர்ஸ் தன் கிளாஸை மணந்ததும் முகம் மாறி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். தக்கை பழுதாகி வைனைக் கெடுத்திருக்கிறதாம். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போல நாறுகிறதாம். எந்தக் குழந்தைக்கும் தெரியுமாம்.

ரெகுலா என்னைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தார். "சிவா," என்றார் மெதுவாக. "அந்த மீனும் உனக்கு மணக்கவில்லையா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். பிறகு, மணக்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"எவ்வளவு காலமாக?"

"பதினான்கு மாதம்."

"அப்படியென்றால் என் சமையலறையில் மீனை மணந்து பார்த்தது யார்?"

தவம் அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். நான்கு கிளாஸ் வைன் வயிற்றில் இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே உயர்த்தினார். பெட்ரோ சிரிப்பை அடக்கப் பார்த்தான். ரெகுலா சிரிக்கவில்லை. "நாளைக்குக் கதைப்போம்" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். இந்த நாட்டில் நாளைக்குக் கதைப்போம் என்றால் கட்டாயம் நாளைக்குக் கதைப்பார்கள்.

நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். உர்ஸுக்கு என்ன விளங்கியதோ, "வா, பெட்டி தூக்க உதவி செய்" என்று கையைக் காட்டி, பின்பக்கத்தில் இருந்த இன்னொரு சின்னக் கதவைத் திறந்தார். ரெகுலா உணவகத்துக்கென்று சொல்லிவைத்த வைன்கள் அங்கேதான் இருந்தன. இன்னும் எட்டுப் படி கீழே. இரண்டு பக்கமும் பீப்பாய்கள். சுவர் வேர்த்திருந்தது. குளிர் முகத்தில் பட்டது. அவர் முன்னால் போனார். நான் மூன்றாவது பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்தபோது நின்றுவிட்டேன். கண்ணுக்குப் பின்னால் ஏதோ அரித்தது. தும்மல் வரப்போகிறது என்று நினைத்தேன். தும்மல் வரவில்லை. மணம் வந்தது.

ஈரச் சுண்ணாம்பு. பூஞ்சணம். வெளிச்சம் படாத கல்லின் புளித்த குளிர். மெல்லியது, ஆனால் மணம்தான், சந்தேகமே இல்லை. பீப்பாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இழுத்தேன். எனக்கு அதைத் தெரியும். எங்கேயோ நன்றாகப் பழகிய மணம். எங்கே என்று நினைவு வந்தபோது திரும்பிப்போய்க் கடைசிப் படியில் இருந்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து அகதி என்று பதிந்த முதல் குளிர்காலத்தில் எங்களை நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு பாதுகாப்பு அறையில், பங்கரில், வைத்திருந்தார்கள். யுத்தம் வந்தால் ஊர்ச்சனம் ஒளிந்திருப்பதற்கென்று சுவிஸ்காரர் கட்டிவைத்த கொங்கிறீற் அறை. யுத்தத்திலிருந்து வந்த எங்களுக்கு அது கிடைத்தது. ஜன்னல் இல்லை. அறைக்குள் எப்போதும் இதே ஈரம், இதே பூஞ்சணம். அது பிடிக்காமல், கொழும்பில் வைத்து மலர் எனக்கு மடித்துத் தந்த சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பேன். அப்போது எங்களுக்குக் கலியாணம் நடக்கவில்லை. அவள் வர ஐந்து வருடம் ஆகும் என்றும் தெரியாது. சட்டையில் சவர்க்காரமும் அவள் வீட்டுத் தாளிதமும் சேர்ந்த ஒரு மணம் இருந்தது. தை மாதம் அளவில் அது போய்விட்டது. சட்டையும் அறை மாதிரியே மணக்கத் தொடங்கியது. அன்றைக்கு நான் அழுத அழுகையை மலருக்கு இன்னும் சொல்லவில்லை.

உர்ஸ் திரும்பி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "மணக்கிறது" என்றேன். அவர் முகம் வாடியது. "தெரியும், இந்தச் சுவர் பழையது. அடுத்த வருடம் திருத்தப்போகிறோம்" என்று வெட்கத்தோடு சொன்னார். இல்லை, நல்லது, மிகவும் நல்லது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் மரியாதைக்குச் சொல்கிறேன் என்றுதான் அவர் எடுத்திருப்பார். எனக்கு ஆறு போத்தல் வேண்டும் என்றேன். எந்த வைன் என்று கேட்டார். இந்த அறைக்குள் கிடந்தது எதுவென்றாலும் என்றேன். ஒரு துண்டுத்தாளில் பெயரும் விலாசமும் எழுதச் சொல்லி, பெட்டிக்குள் ஒரு பில்லைப் போட்டு, "முப்பது நாளுக்குள் கட்டினால் போதும்" என்றார். அடையாள அட்டை கேட்கவில்லை. என் பத்து விரலையும் மையில் உருட்டிப் பார்த்த நாட்டில் இந்த மனிதர் துண்டுத்தாளை நம்பினார். முற்றத்தில் எல்லோரும் கட்லட் சாப்பிட்டார்கள். உர்ஸ் ஏழு சாப்பிட்டார். நாய்க்கும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனேன். பெருங்காய டப்பாவைத் திறந்தேன். ஒன்றுமில்லை. நல்லெண்ணெய், வெந்தயம், கோப்பித்தூள், மலரின் தலையணை. ஒன்றுமில்லை. வைன் பெட்டியின் அடி மட்டை நிலவறை ஈரத்தில் கொஞ்சம் ஊறியிருந்தது. அதற்குள் முகத்தை விட்டேன். இருந்தது.

கடைக்குப் போய் வந்த மலர், "என்னப்பா பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கொண்டு? வெறியே?" என்றாள்.

"மணம் வருது மலர்."

அவள் கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்ன மணம்?"

சொன்னேன். அந்தச் சட்டையைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாள். "இருபத்தைஞ்சு வருசமா நான் தாளிச்சுப் போட்டதெல்லாம் விட்டிட்டு, உந்த மூக்குக்கு முதல்ல பங்கர்தானே ஞாபகம் வந்தது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு எழும்பிப்போய் ஒரு பிடி கறிவேப்பிலையைக் கொதிக்கிற எண்ணெய்க்குள் போட்டாள், என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள். இலை படபடவென்று வெடித்தது. சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் அது கருகும் வரை நின்றோம்.

ரெகுலா மறுநாள் சொன்னபடி கதைத்தார். ஏன் சொல்லவில்லை என்று மூன்று தரம் கேட்டார். பயம் என்று மூன்று தரம் சொன்னேன். வருட முடிவு வரை பார்ப்போம் என்றார். அதுவரை மீனைப் பெட்ரோ மணப்பான், சோஸை அவரே பார்ப்பார். இலையுதிர்காலப் பட்டியலில் உர்ஸின் வைன் வந்துவிட்டது. தையில் நான் அந்த அடுப்படியில் நிற்பேனா என்பது எனக்குத் தெரியாது. தவம் அண்ணை மட்டும், "ஒரு மணம் வந்தால் மற்றதும் லைனில நிக்குமடா" என்கிறார். பெட்டியின் மட்டை இரண்டு நாளில் காய்ந்து அதன் மணமும் போய்விட்டது. போத்தல் ஒவ்வொன்றாகத் திறந்து தக்கையை மணந்தேன். அவற்றில் இல்லை.

பில் வந்த அன்றே தபாலகத்துக்கு ஓடுகிறவன் நான். இந்தப் பில் ஐந்து கிழமையாகக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்குகிறது. "கட்டுங்கோ, கடன்காரர் எண்டு பதியப்போறாங்கள்" என்று மலர் தினமும் சொல்கிறாள். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன், கொடுத்துவிட்டு அந்த எட்டுப் படி இறங்கி ஐந்து நிமிடம் நிற்கவா என்று கேட்கப்போகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். போன திங்கட்கிழமை ஆராவ் வரை போனேன். மஞ்சள் பஸ் வந்து கதவைத் திறந்தது. அங்கே போய் மணம் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். வந்து, இனி என்றைக்கும் அது மட்டுமே வந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். சாரதி கொஞ்சம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் ஓல்டன் ரயிலில் திரும்பி வந்தேன். காசு சட்டைப் பைக்குள், மலர் மடித்துத் தந்த கடித உறைக்குள் அப்படியே இருக்கிறது. ஆறு போத்தல், ஒன்று பதினெட்டு. உர்ஸுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நூற்று எட்டு பிராங்.